சொல்லாமல் சொல்லும் ஆங்கிலம்

புகழ்வது போல இகழ்வது, விசாரிப்பது போல மிரட்டுவது, சிரிப்பது போலச் சீண்டுவது... இலக்கணப் புத்தகத்தில் இல்லாத இந்த ஆங்கிலத்தை, விருத்தாசலம் போன்ற ஊர்களிலிருந்து வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்வது?

பீங்கான் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரல் முட்டியால் லேசாகத் தட்டுவார்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் நல்ல சரக்கு. சத்தம் அமுங்கி வந்தால், மேலே பளபளக்கும் கிளேஸுக்கு அடியில் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. கண்ணுக்குப் படாத குறையைக் காது பிடித்துவிடும்.

அலுவலக ஆங்கிலத்தையும் இப்படித் தட்டிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. வார்த்தைகள் பளபளப்பாக இருக்கும். அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடினாலும் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாது. ஆனால் கேட்டவருக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும். ஆங்கிலத்தில் இதை ‘இன்யுவெண்டோ’ என்பார்கள். நம்மூரில் சாடைப் பேச்சு, ஜாடைமாடை, குத்தல், டபுள் மீனிங் என்று ஆளுக்கொரு பெயர்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே நெய்வேலி, களிமண்ணுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். கொலு பொம்மை முதல் மின்சார ஃபியூஸ் கட்டை வரை இங்கே சூளையேறுகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பும் உள்ளூரில் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கான டைல்ஸ், சானிட்டரி வேர், இன்சுலேட்டர் தொழிற்சாலைகள் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. பெரிய பீங்கான் மையமான மோர்பி இருப்பது குஜராத்தில். குஜராத்தியும் இந்தியும் தெரியாத பிள்ளைக்கு அங்கே கைகொடுப்பது ஆங்கிலம்தான். பாடப்புத்தகத்தில் டென்ஸ் படித்திருப்பார், ஆக்டிவ் வாய்ஸ் பேசிவ் வாய்ஸ் படித்திருப்பார். எதிரில் இருப்பவர் சொல்வதற்கும் நினைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

மெயிலில் ஒளிந்திருக்கும் கோபம்

‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ என்று ஒரு மேலாளர் எழுதுகிறார். நேர்ப்பொருள், ‘என் முந்தைய மெயிலில் குறிப்பிட்டபடி’. உள்ளே இருப்பது, ‘ஒரு தடவை சொன்னேனே, படிக்கவில்லையா?’ ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று தலைப்பிட்டு வருவதில் மென்மை ஒன்றும் இருக்காது. பொறுமை தீர்ந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. பெரிய அதிகாரிக்கும் ஒரு பிரதி வைத்து அனுப்பினால், ‘இதை மேலிடத்துக்குக் கொண்டுபோகிறேன்’ என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் புதிய யோசனை சொல்கிறார். எதிர்ப்பக்கம், ‘தட்ஸ் அன் இன்டரஸ்டிங் ஐடியா’ என்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பாராட்டு கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போகலாம். பிரிட்டிஷ் பாணியில் பழகியவர்கள் வாயிலிருந்து அது வந்திருந்தால், பல சமயம் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று பொருள். ‘வித் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று ஆரம்பித்தால் அடுத்து வரப்போவது மறுப்பு. நேர்காணலின் முடிவில் வரும் ‘வீ வில் கெட் பேக் டு யூ’வை நம்பி வீட்டில் காத்திருந்த பட்டதாரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் பிரிட்டிஷ் தத்துவவாதி எச்.பி.கிரைஸ். 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய உரைகளின் ஒரு பகுதி 1975-இல் அச்சானது. அதில் அவர் தரும் உதாரணம் ஒரு பரிந்துரைக் கடிதம். தத்துவத் துறை வேலைக்கு ஒரு மாணவர் விண்ணப்பிக்கிறார். பேராசிரியரோ, மாணவரின் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார். கடிதத்தில் ஒரு வசைகூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்: தத்துவத்தில் ஆள் தேறமாட்டார்.

பேசுகிறவர் தேவையான அளவுக்குச் சொல்வார், சம்பந்தமானதைச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நாம் எல்லோரும் காது கொடுக்கிறோம் என்கிறார் கிரைஸ். அந்த எதிர்பார்ப்பை ஒருவர் வேண்டுமென்றே மீறும்போது, ‘ஏன் மீறினார்?’ என்று கேட்பவரின் மனம் தேட ஆரம்பிக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கிற அர்த்தம்தான் சாடை. அதைக் கட்டி முடிக்கும் வேலையைக் கேட்பவரே செய்துவிடுவதால், சொன்னவர் கை சுத்தமாக இருக்கிறது.

‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’

சாடைப் பேச்சின் பலமும் ஆபத்தும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. பிடிபட்டால் தப்பிக்க ஒரு பின்வாசல் எப்போதும் திறந்திருக்கும்.

ஸ்டீவன் பிங்கர், மார்ட்டின் நோவாக், ஜேம்ஸ் லீ ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை ஒரு போக்குவரத்துக் காவலரை வைத்து விளக்குகிறது. வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டவர், ‘இங்கேயே முடித்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா?’ என்கிற மாதிரி கேட்கிறார். லஞ்சம் வாங்குகிற காவலர் என்றால் சைகையைப் புரிந்துகொள்வார். நேர்மையான காவலர் என்றால், இதை வைத்து லஞ்சம் கொடுக்க முயன்றதாக வழக்குப் போட முடியாது, அபராதத்தோடு போகும். வெளிப்படையாகப் பணம் தருகிறேன் என்று சொல்வதைவிட இதில் நஷ்டம் குறைவு. அதனால்தான் மனிதர்கள் சுற்றி வளைக்கிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க அமெரிக்கப் பேராசிரியர்கள் தேவையில்லை. ‘பாத்து செய்யுங்க சார்’, ‘கொஞ்சம் கவனிங்க’, ‘ஃபைல் நகரணும்ல’ ஆகியவற்றின் விலைப்பட்டியல் நமக்கு நன்றாகவே தெரியும். லஞ்ச வழக்கில், அதிகாரி பணம் கேட்டார் என்பதை நிரூபித்தாக வேண்டும். பணம் கைமாறியதைக் காட்டினால் மட்டும் போதாது. நேரடியாகக் கேட்காமல் சாடையாகக் கேட்டால் என்ன செய்வது, புகார் கொடுத்தவரே இறந்துவிட்டால், பிறழ்சாட்சி ஆகிவிட்டால் என்ன செய்வது? நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நேரடிச் சாட்சியம் இல்லாதபோது சூழ்நிலைச் சான்றுகளை வைத்தும் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

சிரிப்புக்குள் சீண்டல்

ஆங்கிலத்தில் ‘இன்யுவெண்டோ’ என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இரட்டை அர்த்தம்தான். 1958-இல் தொடங்கிய ‘கேரி ஆன்’ நகைச்சுவைப் படவரிசை பிரிட்டனில் அதை வைத்தே கல்லா நிரப்பியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1940-களின் இறுதியில், பிபிசி தன் நகைச்சுவை எழுத்தாளர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. தேனிலவுத் தம்பதி, விடுதிப் பணிப்பெண், பெண்களின் உள்ளாடை, முயல்களின் இனப்பெருக்கம் என்று எதையும் சாடையாக வைத்துச் சிரிக்கவைக்கக் கூடாது என்று அதில் பட்டியலே இருந்தது. நம் திரைப்படத் தணிக்கை விதிகளிலும், கீழ்த்தரமான உணர்வுகளைத் தூண்டும் இரட்டை அர்த்தச் சொற்களுக்கு இடமில்லை என்று 1991-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நடைமுறையில் எவ்வளவு தப்பி வருகிறது என்பது தமிழ்ப்படம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தியேட்டரில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். வேலை பார்க்கும் இடத்தில் எழுந்து போக முடியாது. ‘நெட்ஃபிளிக்ஸ் அண்ட் சில்’ என்று ஒரு சீனியர் சிரித்துக்கொண்டே கூப்பிடும்போது, படம் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நம்புகிற பெண்ணும் இருப்பார். வேறு அர்த்தம் புரிந்து உடம்பு கூசிப்போகிற பெண்ணும் இருப்பார். முதலாமவர் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். இரண்டாமவர் எதிர்ப்புத் தெரிவித்தால், ‘சும்மா ஜோக்குக்குச் சொன்னேன், உன் மனசுதான் கோணல்’ என்று பழி அவர் மேலேயே திரும்புகிறது. நிரூபிக்கும் பாரம், சங்கடம், தூக்கமில்லாத இரவு எல்லாம் கேட்டவர் தலையில், சொன்னவருக்கு ஒன்றுமில்லை.

சட்டம் இந்த இடத்தில் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலேயே பாலியல் சாயம் பூசிய பேச்சு துன்புறுத்தல் என்று சேர்க்கப்பட்டுவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதோடு, பதவி உயர்வு போன்ற சலுகைக்கான வாக்குறுதியோ, வேலைக்கு உலை வைப்பேன் என்கிற மிரட்டலோ வெளிப்படையாக இருந்தாலும் மறைமுகமாக இருந்தாலும் துன்புறுத்தலாகலாம் என்கிறது. ‘மறைமுகமாக’ என்ற அந்த ஒரு சொல், சாடை பேசுபவரின் பின்வாசலை அடைக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவின்படி, பாலியல் சாயம் கொண்ட பேச்சுக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

யாரை நோக்கி வீசப்படுகிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, சாடைப் பேச்சே தீது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழில் அது ஒரு பெருங்கலை. அகப்பாடல்களின் உள்ளுறையும் இறைச்சியும் சொல்லாமல் சொல்வதற்கான இலக்கணம்தான். புகழ்வது போலப் பழிப்பதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று தனி அணியே இருக்கிறது.

தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்குத் தூது போன ஔவையாரை நினைத்துப் பார்க்கலாம். இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். நீ போர் பார்த்தவனே இல்லை, அதியமானோடு மோதாதே என்பது அதற்குள் இருக்கும் எச்சரிக்கை. ஒரு பாணர் குலப் பெண், பகை மன்னனின் அரண்மனைக்குள் நின்றுகொண்டு இதை வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும்?

விருத்தாசலத்துக் கோயிலுக்கே இப்படி ஒரு கதை உண்டு. குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர், திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கினாராம். பசி. பெரியநாயகி அம்மனைக் கிழவி என்று விளித்துப் பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் முதிய வடிவில் வந்து, ‘என்னைக் கிழவி என்கிறாயே, கிழவியால் சோறும் தண்ணீரும் எப்படிக் கொண்டுவர முடியும்?’ என்று கேட்டாளாம். கேள்வியில் மனத்தாங்கல் இருக்கிறது, சமாதானத்துக்கு வழியும் இருக்கிறது. நமசிவாயர் புரிந்துகொண்டு இளமை பொங்கப் பாட, அம்மன் சிறுபெண்ணாக அன்னத்தோடு வந்தாள் என்கிறது தலபுராணம். கோயிலில் பெரியநாயகிக்கும் பாலாம்பிகைக்கும் தனித்தனிச் சந்நிதி இருப்பதற்கு ஊர் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. இதே ஊரில் வாழும் எழுத்தாளர் இமையம், ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றவர். இந்த வட்டாரத்துப் பெண்கள் பேசும் பேச்சு, அதன் குத்தலும் ஆற்றாமையுமாக, அவர் கதைகளை நடத்திப் போவதை வாசகர்கள் அறிவார்கள்.

ஔவை அரசனிடம் பேசியது கீழிருந்து மேல்நோக்கி. நேராகச் சொன்னால் உயிர் போகும் இடத்தில், சாடை அவருக்குக் கேடயம். மாமியாரிடம் வாய்திறக்க முடியாத மருமகள், பாத்திரத்தைப் பார்த்துப் பேசுவதும் அப்படித்தான். மேலாளர் பணியாளரிடமும், ஆசிரியர் மாணவியிடமும், அதிகாரி மனுதாரரிடமும் சாடை பேசும்போது அதே கலை ஆயுதமாகிவிடுகிறது. நேராகப் பேச எல்லா அதிகாரமும் கையில் இருந்தும், பொறுப்பேற்காமல் இருப்பதற்காகவே சுற்றி வளைக்கிறார்கள். ஒரு சாடையை எடைபோட, யார் யாரிடம் சொன்னார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நீதிமன்றம் கேட்கும் விதம்

நேராகச் சொல்லாததை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியுமா? முடியும் என்று ஆங்கில நீதிமன்றங்கள் நெடுநாளாகவே சொல்லிவருகின்றன. சிரில் டோலி புகழ்பெற்ற பிரிட்டிஷ் கோல்ஃப் வீரர். காசு வாங்காமல் ஆடுகிற அமெச்சூர். 1928-இல் ஃப்ரை சாக்லேட் கம்பெனி, அவர் சட்டைப்பையில் சாக்லேட் துருத்திக்கொண்டிருப்பது போல ஒரு கேலிச்சித்திரம் வரைந்து, அவரைக் கேட்காமலே விளம்பரம் செய்தது. படத்தில் அவதூறாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற விளையாட்டு ரசிகர்கள், டோலி காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்றுதானே நினைப்பார்கள்? பிரபுக்கள் சபை 1931-இல் டோலி பக்கம் நின்றது.

ட்விட்டர் காலத்து உதாரணம் இன்னும் கூர்மையானது. 2012 நவம்பரில் பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி, பெயர் சொல்லாமல் ஒரு மூத்த அரசியல்வாதியைச் சிறார் துன்புறுத்தலோடு தொடர்புபடுத்தியது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் நாடாளுமன்ற சபாநாயகரின் மனைவி சாலி பெர்கோ, மெக்ஆல்பைன் பிரபுவின் பெயர் ஏன் டிரெண்ட் ஆகிறது என்று கேட்டு, பக்கத்தில் ‘அப்பாவி முகம்’ என்று சேர்த்துப் பதிவிட்டார். மெக்ஆல்பைன்மீது தவறே இல்லை என்பது பின்பு தெளிவானது. வெறும் கேள்விதானே கேட்டேன் என்ற பெர்கோவின் வாதத்தை 2013 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண வாசகர் அந்த இரண்டு சொற்களை எப்படிப் படிப்பார் என்பதைத்தான் நீதிபதி பார்த்தார்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு 1860-லேயே இடமுண்டு. மெக்காலே காலத்து வரைவிலிருந்து உருவான இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவு தந்த உதாரணங்களில் ஒன்று, ‘இவர் நேர்மையானவர், அவருடைய கடிகாரத்தை இவர் திருடவே இல்லை’ என்று ஒருவர் சொல்வது. திருடினார் என்று நம்பவைக்கும் நோக்கில் சொல்லியிருந்தால் அது அவதூறுதான். யார் திருடியது என்று கேட்கும்போது வாய் திறக்காமல் ஒருவரை நோக்கி விரல் நீட்டினாலும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலும் இது தொடர்கிறது. பெயரைப் போடாமல் எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் தவறான நம்பிக்கை. யாரைச் சொல்கிறார்கள் என்று வாசகருக்கு விளங்கினால் போதும்.

அச்சில் ஏறிய சாடை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு 1944-இல் பார்த்தது. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தைக் கிசுகிசுவாக எழுதிவந்த ‘இந்து நேசன்’ பத்திரிகையின் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள்; 1947-இல் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தரலாம்?

முதலில், ஆங்கில வகுப்பில் இதற்கு ஓர் இடம் வேண்டும். ஒரே வாக்கியத்தை மூன்று பேர் மூன்று சூழலில் சொன்னால் என்னென்ன பொருள் வரும் என்று மாணவர்களைப் பேசவைக்கலாம். ‘யூ ஆர் ஏர்லி டுடே’ என்பதைத் தோழி சொன்னால் வியப்பு. தினமும் தாமதமாக வருபவரிடம் சூப்பர்வைசர் சொன்னால் கண்டிப்பு. இதற்குப் புதிய லேப் வேண்டாம், பாடநூல் வேண்டாம். அரைமணி நேரமும், சாடை என்றால் என்னவென்று தமிழிலேயே பழுத்த காதுகளும் போதும். மாணவர்களிடம் அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அதைத் திருப்பிவிடுவதுதான் ஆசிரியரின் வேலை.

இரண்டாவது, பதில் சொல்லப் பழக்குவது. சாடை நிலைப்பது எதிராளியின் மௌனத்தில். ‘வாட் டூ யூ மீன் பை தட்?’ என்று குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டால், சொன்னவர் ஒன்று விளக்க வேண்டும் அல்லது பின்வாங்க வேண்டும். மெயிலில் வந்த சாடைக்கு, ‘நீங்கள் கேட்பது இதுதான் என்று புரிந்துகொள்கிறேன், சரிதானா?’ என்று எழுத்தில் உறுதி கேட்பது பாதுகாப்பு.

மூன்றாவது, எல்லை மீறினால் என்ன செய்வது என்பது. தேதி, நேரம், சொன்ன அதே வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். பத்து பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சின்னப் பீங்கான் பட்டறையில் ஆறேழு பேரோடு களிக்குழம்பு ஊற்றுகிற பெண்ணுக்கும், கடையில் நிற்கிற பெண்ணுக்கும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. முதலாளிமீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டித்துத் தரலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கான 181 உதவி எண் எந்நேரமும் இருக்கிறது.

இந்தத் தகவல்கள் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு மாணவியின் கையிலும், மாணவனின் கையிலும் சான்றிதழோடு சேர்ந்தே போக வேண்டும். விருத்தாசலத்துக் கல்வி நிலையங்கள் இறுதியாண்டு வகுப்பில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையும் ஆங்கில ஆசிரியர் ஒருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தொடங்கலாம்.